காக்னிசன்ஸ் என்றால் ஜீப்பில் ஏறலாமா?

மனு டைப் அடித்துப் பிழைக்கிறவர்களுக்கு எழுத்துப்பிழை பெரிய தலைவலி இல்லை. அடித்துக் கொடுத்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ஆள் திரும்பி வருவதுதான் தலைவலி. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. எதிரே, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிற்கும். ஏதாவது ஓர் ஆபீசுக்கு மனு போட்டுவிட்டுப் போஸ்ட்மேன் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனவே தயங்காமல் சொல்கிறேன். போன வருஷம் எனக்கென்று வந்து வாய்த்த வார்த்தை 'காக்னிசன்ஸ்'.

கனமான வார்த்தை

முதலில் அதைக் கொண்டுவந்தவர் ஏலக்காய்க் கடை அண்ணாச்சி. குடோன் வாசலில் சாக்கடை அடைத்து நிற்கிறது என்று மனு. பேப்பரில் ஏதோ கோர்ட் செய்தியில் இந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறார். மனுவில் எங்கேயாவது அதைப் போட்டே தீர வேண்டும் என்றார்.

வெறுமனே தெரிந்திருப்பது வேறு அண்ணாச்சி, தெரிந்ததை ஒப்புக்கொண்டு காரியத்தில் இறங்குவது வேறு, கோர்ட் ஒரு குற்றத்தைக் கையில் எடுக்கும்போது சொல்வது இரண்டாவதை என்று விளக்கினேன். நம் பக்கம் 'கண்டுக்கிட்டாங்க', 'கண்டுக்கல' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான், அதையே நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"கண்டுக்கோங்கன்னு எழுதுனா எவன்மா கண்டுக்கிறான்? புரியாத மாதிரி ஒண்ணு கெடந்தாத்தான் நின்னு படிப்பான்."

மண்மேட்டில் நின்ற ஜீப்

பாண்டியம்மாள் வந்தது சாக்கடைக்காக இல்லை. அவளும் அவள் மருமகளும் மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறார்கள். விடிகாலையில் ஜீப்பில் ஏறினால் இருட்டும் நேரத்துக்கு இறக்கிவிடுவார்கள். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துதான் பயணம். அதைக்கூட அவள் குறையாகச் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், டிரைவர் வண்டியை மலையோரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறான். மறுபக்கம் பள்ளம்.

வேறு ஜீப்பில் போகக் கூடாதா என்று கேட்டேன். அந்த எஸ்டேட்டுக்குப் போவது அது ஒன்றுதானாம். மலைக்கு இந்தப் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு, அந்தப் பக்கம் கேரள ஆபீசுக்கு ஒரு மனு என்று இரண்டு அடித்துக் கொடுத்தேன். கைநாட்டு வைக்காமல், நிதானமாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏறயில ஒண்ணுமில்ல தாயி. எறங்கயிலதான் எம் மருமக கையப் புடிச்சுக்கிட்டே வர்றேன்."

வந்தது பதில்

இந்தப் பக்கத்திலிருந்து மூச்சில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்தது. அவளுடைய புகாரை 'காக்னிசன்ஸ்' எடுத்துக்கொண்டார்களாம். காகிதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சந்தோஷம்தான். அண்ணாச்சிக்குச் சொன்ன விளக்கத்தை அவளுக்கும் சொன்னேன்: தெரிந்துகொண்டோம், இனி சும்மா இருக்க மாட்டோம் என்று அர்த்தம்.

சொல்லும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே ஜீப் எதிரே நின்றது. பாண்டியம்மாளும் அதைத்தான் பார்த்தாள்.

"அர்த்தம் இருக்கட்டும் தாயி. நாளைக்கு நாங்க அதுல ஏறலாமா, வேணாமா?"

வேண்டாம் என்றால் கூலி போகும், ஏறு என்று சொல்ல வாய் வரவில்லை.

தெரியாது என்று எழுதுங்கள்

இரண்டு நாள் கழித்து ஜீப் முதலாளியே வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். அந்தக் கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருந்தது. வண்டியில் கோளாறு இருப்பது என் கவனத்துக்கு வரவே இல்லை என்று பதில் அடிக்க வேண்டுமாம். டிரைவர் உங்களிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன். அவர் கூச்சப்படாமல் சொன்ன பதிலைவிடத் தெளிவாக அந்த வார்த்தைக்கு யாரும் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

கரண்ட் இல்லை, அடிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார்.

"டிரைவரு தெனமும் சொல்றாந்தேன்க்கா. எனக்குத் தெரியும். தெரியும்னு எழுத்துல குடுத்தா, பெறகு செய்ய வேண்டி வந்துரும்ல?"

இறங்கிய காலை

மறுநாள் மனசு கேட்கவில்லை. விடியும்போதே கடையைத் திறந்தேன். பெண்கள் வழக்கம்போல ஏறி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் கடைசியாக வந்தாள். மருமகள் உள்ளே இருந்தாள். பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, சோற்றுத் தூக்குவாளியை ரோட்டோரமாக வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிறகு ஒருத்தி இறங்கினாள், அடுத்து இன்னொருத்தி. வண்டி காலியானதும் டிரைவரும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலாளி வந்து கத்தினார், கெஞ்சினார், வேறு ஆளைக் கூட்டிப்போவேன் என்று மிரட்டினார். ஒருத்தியும் அசையவில்லை. வெயில் ஏறிய பிறகு ஜீப் ஒர்க்ஷாப்புக்குப் போனது. பிரேக் மாற்றி மறுநாள் வந்து நின்றது. முந்தின நாள் ஜீப்பை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பும் முன் முதலாளி பாண்டியம்மாளிடம், யார் சொல்லி எல்லோரும் இறங்கினீர்கள், அந்த டைப் அக்காவா என்று கேட்டார்.

"யாரும் சொல்லல அப்பு. தெரிஞ்சிருச்சு, எறங்கிட்டோம்."

அகராதியில் 'காக்னிசன்ஸ்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் போட்டிருந்தாலும் சரி, எங்கள் போடியில் அதன் விலை ஒரு நாள் கூலி.