தேர்ட் கிளாஸ் பாஸ்

வெள்ளைக்காரன் காலத்து ஆவடி ரயிலில் வந்த டிக்கெட் பரிசோதகர் அவர். கறுப்புக் கோட்டில் நடுப் பொத்தான் கிடையாது. மீசையில் எப்போதும் மூக்குப்பொடி. சீசன் பாஸை நீட்டினால் பரீட்சை முடிவு வாசிப்பதுபோல், "தேர்ட் கிளாஸ், பாஸ்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கூவுவார். கல்லூரிப் பையன்கள் எங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வகுப்பில் தேறினாலே எங்கள் வீடுகளில் பாயசம்தான்.

பட்டணத்தில் இன்டர்மீடியட் முடிவு ஒட்டியிருந்தார்கள். என் நம்பர் இல்லை. திரும்பும்போது அம்பத்தூர் தாண்டியதும் அவர் வந்தார்.

"தேர்ட் கிளாஸ், பாஸ்!"

"ஃபெயில் சார்," என்றேன்.

பாஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மாசக் கடேசி வரிக்கும் நீ பாஸ்தான் நைனா. அப்பால உன் பாடு."

விஷயம் புரிந்து சொன்னாரா, கையிலிருந்த பாஸைத்தான் சொன்னாரா? கேட்கலாமென்றால், அப்பா அதோடு படிப்பை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் என்னிடம் பாஸ் இல்லை.