சாணி ஓரத்துப் புல்

எங்கள் கன்று இருமத் தொடங்கியபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. மாரி மழை விட்டிருந்த நாட்கள் அவை. எல்லோருக்கும் தடிமல்.

"கண்டுக்கு உன்ட தடிமல்தான் தொத்தியிருக்கு. மூக்கத் துடைக்காமக் கொஞ்சினா வேற என்ன நடக்கும்?" என்றாள் ராத்தா, என் அக்கா. அதை நம்பி, முதலில் என் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறகு போய்க் கன்றின் மூக்கையும் துடைத்துவிட்டேன்.

கல்முனையில், வயல்வெளிக்குப் போகும் வீதியில் எங்கள் வீடு. வாப்பா தையல்காரர். மாட்டைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தம்பி தாய்ப்பால் மறந்ததும் மாமா ஒரு சினைப் பசுவைக் கொண்டுவந்து வளவில் கட்டிவிட்டுப் போனார். அது எங்கள் வளவிலேயே கன்று போட்டது. பசு நல்ல சாது. ஆனால் ஒரு பிடிவாதம்: கன்று வந்து மடியில் முட்டினால்தான் பால் சுரக்கும். இல்லாவிட்டால் உம்மா எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் ஒரு சொட்டும் இறங்காது. அதனால் கன்றுக்கு ஒன்று நடந்தால் அடுத்துக் காலியாவது தம்பியின் பால் போத்தல்தான்.

கன்று புல் கடிக்கத் தொடங்கியதும் அதற்குப் புல் அறுப்பது என் வேலையானது. எனக்கு எட்டு வயது. காலையில் குர்ஆன் ஓதிவிட்டு வந்ததும், சின்ன அருவாளும் உரப்பையுமாக வாய்க்கால் கட்டுக்குப் போவேன். அந்த இடத்தில் பட்டி மாடுகள் மேயும். எல்லாப் புல்லையும் அடியோடு கடித்துவிட்டு, பழைய சாணி கிடக்கும் இடங்களில் மட்டும் ஒரு வாய்கூட வைக்காமல் போய்விடும். அங்கே புல் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்குத் தழைத்து, பனியில் நனைந்து நிற்கும். இவ்வளவு நல்ல புல்லை விட்டுப் போகிறதே, மாடுகளுக்கு மூளையில்லை என்று நினைத்துக்கொண்டு, தேடித் தேடி அதையே அறுத்தேன். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம் வாப்பா என் மூட்டையைக் காட்டி, "பாருங்க, கீரக்கட்டுப் போல! என்ட மகள் வெட்டினது" என்பார். நான் நிமிர்ந்து நிற்பேன்.

இருமல் குறையவில்லை. உம்மா கொத்தமல்லி அவித்து ஆறவைத்தா. வாப்பா அதைப் போத்தலில் ஊற்றிப் புகட்டினார். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்து, "கண்ணூறுதான் இது. வாற போற ஆக்களெல்லாம் பாத்தா விளங்குமா?" என்று ஓதி ஊதிவிட்டுப் போனா. அடுத்த கிழமை கன்று கழுத்தை முன்னால் நீட்டி, நாக்கு வெளியே தெரிய, விலா குழிவிழ மூச்சு இழுத்தது. பால் குடிக்க எழும்பவில்லை. பசு கத்திக்கொண்டே நின்றது. அன்று தம்பிக்குச் சோற்றுக் கஞ்சிதான்.

வாப்பா தையலைப் போட்டுவிட்டு சைக்கிளில் போய் மாட்டு டொக்டரைக் கூட்டிவந்தார். காரைதீவுப் பக்கத்துத் தமிழர், நரைத்த மீசைக்காரர். கன்றின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், சாணியைக் கிளறிக் கொஞ்சம் டப்பாவில் எடுத்தார்.

"தடிமலுமில்ல, கண்ணூறுமில்ல காக்கா. சுவாசப்பையில புழு. வெள்ளையா, உங்கிட தையல் நூல் போல இருக்கும்" என்று வாப்பாவிடம் சொன்னார்.

"வயித்துல பூச்சி வாறது தெரியும் டொக்டர். நெஞ்சுக்குள்ளயுமா?" என்றா உம்மா.

"அங்கதான் வளரும். கண்ட இடத்துல மேய விட்டீங்களா?"

"இல்ல, புல்லு வெட்டித்தான் போடுற" என்றார் வாப்பா.

"ஆர் வெட்டுற?"

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். என் முறை என்று நினைத்தேன்.

"நான்தான் டொக்டர்" என்றார் வாப்பா. என்னைப் பார்க்காமலேயே, "மகள், டொக்டருக்கு ஒரு பிளேன்டீ ஊத்திட்டு வா" என்றும் சொன்னார்.

தேநீரோடு திரும்பியபோது ஊசி போட்டு முடிந்திருந்தது. டொக்டர் ஏசிக்கொண்டிருந்தார். "மருந்தெண்டாலும் கசாயமெண்டாலும் இனிமேல் போத்தலால ஊத்தாதீங்க, மூச்சுக்குள்ள போனா அதிலயே செத்துரும். ரெண்டு மூணு நாள் இருமல் கூடும், பயப்பிடாதீங்க." வாப்பா கைகட்டி நின்று, "ஓம் டொக்டர், எல்லாம் என்ட பிழதான்" என்றார்.

டொக்டர் சொன்னபடியே இருமல் கூடியது. வாப்பா தையல் மெசினைக் மாட்டுக் கொட்டில் வாசலுக்குத் தூக்கி வந்து, கன்றைப் பார்த்தபடியே தைத்தார். ஐந்தாம் நாள் அது தள்ளாடி எழும்பிப் போய்ப் பசுவை முட்டியது. உம்மா செம்பை எடுக்க ஓடினா.

இத்தனை வருடமும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன மாதம் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மழை இருட்டில் குளிக்க வார்த்ததா, மின்விசிறியா, ஐஸ் தண்ணியா என்று நான் என்னையே குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, நான் தேநீர் ஊற்றப் போன நேரத்தில் நடந்ததைச் சொன்னா. நோய் கண்ட மாட்டின் சாணியில் இருந்து புழுக்குஞ்சு ஈரப் புல்லில் ஏறுமாம். சாணி ஓரத்துப் புல்லைப் போட்டதுதான் வினை என்றாராம் டொக்டர். அவர் கேள்வி போகும் திசை வாப்பாவுக்கு முன்பே பிடிபட்டிருக்கிறது. டொக்டர் போனதும், "புள்ளக்கிட்ட ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. கண்டு மவுத்தானா, தன்னாலதான் எண்டு காலம் முழுக்க யோசிச்சிக்கிட்டிருப்பாள்" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தாராம். வாயாடி ராத்தாகூட அதைக் காப்பாற்றியிருக்கிறாள்.

வாப்பாவிடம் இதைப் பற்றி நான் இன்னும் கதைக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தொழுகைக்குப் பிறகு அவருக்காகக் கேட்கும் துஆ மட்டும் நீண்டிருக்கிறது.

டொக்டர் வந்த அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். நான் பட்ட பாட்டுக்கான பெயரை டொக்டருக்கு முன்னால் வாப்பா தட்டிப் பறித்துவிட்டார். பொய் பாவம் என்று எங்களுக்கு ஓதித் தந்திருந்தார்கள். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய, அவர் என் அருவாளை எடுத்துக்கொண்டு, "இனி நான் வெட்டுறன், நீ ஓதிட்டு வா" என்று மாடு மேயாத மேட்டு நிலத்துப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் இந்த மனிதர் என் வேலையையும் பிடுங்கிக்கொண்டு போகிறார் என்று வாசல் படலையில் நின்று அழுதேன்.