அதே காற்றில் சின்ன இறக்கை

என் கட்டிலுக்கு அடியில் மூன்று இறக்கைகள் கிடக்கின்றன. பறவையுடையவை அல்ல, தண்ணீருக்குள் போகிறவை. என் கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லாதவர் இல்லை. இந்தச் சந்தவாசலில் யாருக்குக் கொடுப்பது? வாங்கிக்கொண்டு போய் அதில் தோசையா வார்ப்பார்கள்?

கல்யாணத்துக்கு முன்பு அவர் கடற்கரையில் ஒரு நீர் விளையாட்டுப் பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே பிடித்த பைத்தியம் இது. ஒரு பலகை, அதன்மேல் படகில் இருப்பது போல ஒரு பாய். பலகைக்கு அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் முன்னால் ஒரு இறக்கை, பின்னால் சின்னதாக இன்னொன்று. பாயில் காற்று பிடித்துப் பலகை ஓட ஆரம்பித்ததும் முன் இறக்கை ஆளோடு சேர்த்துப் பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அப்புறம் சத்தமே இல்லாமல் மனுஷன் அந்தரத்தில் போவார். ஊருக்கு வந்து பம்பு செட் ரிப்பேர் கடை போட்ட பிறகும் ஞாயிறு தவறாமல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையடிவார அணைக்குக் கிளம்பிவிடுவார். கூடவே நானும் போவேன்.

காற்று பார்ப்பது என் வேலை. கரையில் ஒரு மூங்கில் நட்டு அதில் என் பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தோம். துணி பாதி எழும்பினால் மெல்லிய காற்று, அதற்குப் பெரிய இறக்கை. அதுதான் மெதுவாக ஓடும்போதே தூக்கும். துணி நேராக நின்றால் நடு இறக்கை. படபடவென்று அடித்துக்கொண்டால் சின்னது. அந்தக் காற்றில் பெரியதைப் போட்டால் தேவைக்கு மேல் தூக்கி, இறக்கையே தண்ணீருக்கு வெளியே வந்து, ஆள் குப்புற விழ வேண்டியதுதான். இதையெல்லாம் கடைக் கதவின் உட்புறம் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். முதல் வரியில் தன் எடை, எண்பத்திரண்டு கிலோ. மற்ற வரிகளெல்லாம் அதை வைத்துத்தான். நான் சொன்ன இறக்கை தப்பியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஓர் ஆடி மாதத்தில் முதல்முறையாகத் தப்பியது. துணி பாதிதான் எழும்பியது. பெரியது என்றேன். போன வேகத்தில் பலகை எகிறி, தொப்பென்று விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். மூச்சிரைக்கக் கரைக்கு வந்தார்.

"இன்னா காத்து பாத்த நீ? தூக்கித் தூக்கிப் போடுது."

"துணி பாதிதாங்க எழும்புது. நீங்களே பாருங்க."

"அந்தத் துணி நைஞ்சி போச்சி, அத நம்பாத. நடுவுல இருக்கறத எடு."

நடு இறக்கையைப் போட்டதும் ஒழுங்காக ஓடியது. தோற்றுப்போன கோபத்தில் நான் அந்தப் பழைய துணியைப் பிடுங்கி எறிந்தேன். புதுத் துணி கட்டினேன். இரண்டு மாதம் கழித்து, அதே காற்றில் நடு இறக்கையும் அதிகமாகத் தூக்கியது. "மலைமேல மரத்த வெட்டிட்டானுங்க, காத்து நேரா எறங்குது" என்று அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். எனக்கும் சரியென்றே பட்டது. கதவில் இருந்ததை மண்ணெண்ணெய் தொட்டு நான் அழித்தேன், அவர் மாற்றி எழுதினார். முதல் வரியை மட்டும் இருவரும் தொடவில்லை.

கார்த்திகையில், மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் என் சித்தி வீட்டுச் சாமை மூட்டைகளை மண்டியில் இறக்கினோம். எடை மேடை காலியானதும் அவர் விளையாட்டாக ஏறி நின்றார். அறுபத்தேழு காட்டியது. "மிசின் ரிப்பேருங்க" என்று சிரித்தார். மண்டிக்காரர் தன் ஐம்பது கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தார். ஐம்பதையே காட்டியது.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. காற்று மாறவே இல்லை, அவர்தான் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறார். பெல்ட்டில் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டபோது தொப்பை கரைந்தது என்று கேலி செய்தவள் நான். தினமும் எதிரே உட்கார்ந்து சோறு போட்ட எனக்குத் தெரியாதது தண்ணீருக்குள் கிடந்த இறக்கைக்குத் தெரிந்திருக்கிறது. அது நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் கதவைத் திருத்திக்கொண்டிருந்தோம். இதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி, முன்பே வந்திருக்கலாம் என்றார்கள்.

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, "ஒரு தரம் போய்ட்டு வர்லாம் வா" என்றார். போனோம். துணியின் நுனி மட்டும் லேசாக ஆடியது. அந்தக் காற்றுக்கு எங்கள் கதவில் வரியே கிடையாது. முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளில் பாயைப் பிரிக்காமல் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

"பெருச போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். திருகாணியை ஒன்றுக்கு இரண்டு முறை முடுக்கினேன்.

பாய் சரியாகப் புடைக்கக்கூட இல்லை. எழும்பக் கூடாது, இந்தக் காற்றில் எழும்பவே கூடாது என்று கரையில் நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். பலகை தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. பிறகு சத்தமில்லாமல் எழும்பியது.

"பாத்தியா! இந்தக் காத்துலயே ஏறிட்டேன், பாத்தியா!" என்று அவர் கத்தினார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நான் அழுதுகொண்டே பலமாகக் கை தட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கை மட்டும்தான் தெரியும்.