வேப்பமரத்தடியில் நின்றவர்

எந்தச் சாயப்பட்டறைக்குப் பசுமைக் கடன் கொடுக்கலாம் என்று விதி வகுக்க, காஞ்சிபுரத்தில் ஒரு வங்கி நிபுணர் குழு அமைத்தது. கல்லூரியில் சாய வேதியியல் நடத்தும் நானும் அதில் இருந்தேன். குழுவில் இன்னொருவர் கழிவுநீர்ப் பொறியாளர். குள்ளமான ஆள், காது மடலெல்லாம் நரைமுடி. நான் நீளமாகப் பேசுவேன். அவர் ஒரு வரி சொல்வார். தலைவர் அதைத்தான் குறித்துக்கொள்வார். எனக்கு வயிறு எரியும்.

விதியைச் சோதிக்க ஒவ்வொரு பட்டறையாக எடுத்துப் பேசினோம். பிள்ளையார்பாளையத்துப் பட்டறை ஒன்று வந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"அது என் தம்பி பட்டறைபா. நான் உக்காந்துக்கினு இருந்தா நீங்கல்லாம் வாய் திறப்பீங்களா?"

போய் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் அளந்து பேசினார்கள். சாயத்தண்ணீரைச் சுத்திகரிக்காததால் கடன் இல்லை என்று முடிவாயிற்று. திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் தாமே எழுந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் என் மச்சான் பட்டறை வந்தது. நானும் பேனாவை மூடிக்கொண்டு அதே மரத்தடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

நான் திரும்பி வந்ததும் தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வெளியவா இருந்தீங்க?"