பரீட்சை நாளில் வைத்த முகூர்த்தம்

இப்போது நர்ஸ் படிப்புக்குப் பட்டமே கொடுக்கிறார்கள். கறுப்பு அங்கி மாட்டிப் போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். நான் படித்த காலத்தில் அதைப் படிப்பு என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். எங்கள் அன்னூர்ப் பக்கத்தில் அதற்குப் பெயர் ‘பீ மூத்திரம் அள்ளுற வேலை’. அதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் வருஷம் முழுக்க நான் அதைத்தான் அள்ளினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேவை செய்யும் ஆசையில் சேர்ந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்துவிட்டான். நான் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினேன். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தது அண்ணன் ஒருவர்தான். ஊர் என்னை வாழாவெட்டி என்றது. நான் எட்டாவது வரை படித்திருந்ததால் அண்ணன் எங்கெங்கோ விசாரித்து இந்த இடத்தைப் பிடித்தார். பங்காளிகள் அத்தனை பேரும் எதிர்த்தார்கள். “ஊட்டுல உக்காந்து அழுதுட்டிருக்கறதுக்கு இது தேவலீங்க” என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக அவர் பின்னால் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

புத்தகமெல்லாம் இங்கிலீஷ். ரத்தம் இதயத்திலிருந்து கிளம்பி எங்கெங்கே சுற்றித் திரும்புகிறது என்பதைப் பொருள் தெரியாமலே நெட்டுருப் போட்டு ஒப்பித்தேன். பொருள் பிறகு வார்டில் தெரிந்தது. பஞ்சாலையில் கை மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். அவளுக்குக் கட்டுப் போட்டபோது எந்த இடத்தை அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்று என் விரலுக்கே தெரிந்திருந்தது. கட்டுப் போடுவதில் எனக்கு நல்ல கை. மேட்ரன் வெள்ளைக்காரி. யாரையும் வாய்விட்டு மெச்சமாட்டார். மற்றவர்கள் போட்ட கட்டையெல்லாம் அவிழ்த்துத் திரும்பப் போடச் சொல்வார், என்னுடையதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். இரண்டாம் வருஷப் பரீட்சை நடத்த மெட்ராஸிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதில் தேறினால் வார்டைத் தனியாகப் பார்க்க விடுவார்கள். அதில் நான்தான் முதலாவதாக வருவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அண்ணன் மாதம் ஒரு முறை வருவார். கச்சாயப் பலகாரம் சுட்டுக் கொண்டு வருவார், அல்லது யாரையாவது சுடச் சொல்லிக் கொண்டு வருவார். பார்வையாளர் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். மாசியில் வந்தபோது, “பரீட்சை எப்பங் கண்ணு?” என்று கேட்டார். வைகாசி கடைசிப் புதன்கிழமை என்றேன். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கியது.

சித்திரையில் வெற்றிலை பாக்கோடு வந்தார். வெள்ளகோவில் பக்கம் பெண் பார்த்தாயிற்று, நல்ல குடும்பம், கல்யாணம் நம் வீட்டில், முகூர்த்தம் வைகாசி கடைசிப் புதன்கிழமை.

“நாள் அப்பிடி அமைஞ்சுபோச்சு கண்ணு. எனக்கும் ஒரே வெசனமாத்தான் இருக்குது. நீ ஒண்ணும் சங்கடப்படாதே, படிப்பைப் பாரு” என்றார்.

“பாக்கறேனுங்கண்ணா” என்றேன். மேட்ரனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று நினைத்துச் சொன்னது அது. அவர் தலையாட்டிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைப் பெண்ணைப் போலவே சிங்காரித்து அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில் இருக்கும். மறு தலைப்பைக் கூடையில் வைத்துத் தங்கை இடுப்பில் ஏந்திக்கொள்வாள். வேறு வீட்டுப் பெண் வரப்போகிறாள், ஆனாலும் இந்த வீட்டில் உனக்கு உள்ள பாத்தியதை போகாது என்று ஊரறியச் சொல்வது அது. புருஷன் வீடு இல்லாமல் போன எனக்கு அந்தச் சேலைத் தலைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. கழுத்தில் தாலி இருந்தது. சீருக்கு நிற்க எனக்கு ஒரு தடையும் இல்லை.

மேட்ரனிடம் போய் நின்றேன். தமிழில்தான் கேட்டார். “நீ போகாவிட்டால் யார் செய்வார்கள்?”

“யாரும் செய்ய முடியாதம்மா. நான் இல்லாமல் கல்யாணமே நடக்காது.”

அது பொய். ஒன்றுவிட்ட தங்கை நின்றாலும் செல்லும். ஆனால் உடன்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி எதற்கு?

“போனால் இந்த வருஷம் போயிற்று. சின்னப் பெண்களோடு மறுபடி உட்கார வேண்டும்” என்றார். சரி என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கெட்டிக்காரப் பெண் இப்படிக் கெட்டுப்போகிறாளே என்று நினைத்திருப்பார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை வார்டில் நின்றுவிட்டு, கார்பாலிக் மருந்து வாடை போகச் சீயக்காய் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்னூரில் இறங்கி, ஊர்ப்பக்கம் போன ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு வீட்டை நெருங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் தோட்டத்துக்கே கேட்டது. கிட்டத்தட்ட ஓடினேன்.

பந்தலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா மகள் பட்டுடுத்து, தலை நிறையப் பூ வைத்து, இடுப்பில் கூடையோடு நின்றாள். சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில் இருந்தது. அவர்தான் முதலில் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. திருட்டுக் கொடுத்தவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், இது அகப்பட்டுக்கொண்டவன் முகமாக இருந்தது.

பெரியம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் உடனே விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “வா அம்மணி, வா. வருவீன்னு ஆருமே நெனைக்கலையே! பஸ்ஸுல வந்தது களைப்பா இருக்கும். அந்தப் பக்கம் போயி உக்காரு கண்ணு, காப்பி குடுக்கச் சொல்றேன்.”

எவ்வளவு மரியாதை! சமையல் நடக்கும் பக்கம் போகாமல், சீர் நடக்கும் பக்கம் வராமல், மாட்டுக் கட்டுத்தரை ஓரமாக ஒரு பாயை விரித்து உட்கார வைத்தார்கள். இலை போட்டுப் பரிமாறினார்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க என்று உபசாரம் செய்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். திரும்பிப் போக அன்றைக்குப் பஸ்ஸும் கிடையாது, மறுநாள் முதல் பஸ் பரீட்சைக்கு எட்டாது. மறுநாள் தாலி கட்டும் நேரத்தில் கோயமுத்தூரில் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பில் மேளம்கூடக் காதில் விழவில்லை.

பந்தி முடிந்ததும் அண்ணன் தானாகவே கட்டுத்தரைப் பக்கம் வந்தார். கல்யாண வேட்டியோடு, மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முகூர்த்த நாள ஆருங்கண்ணா குறிச்சது?” என்று கேட்டேன்.

மாடு ஒன்று மாலையை எட்டிப் பார்த்தது. அதை விலக்கிவிட்டுச் சொன்னார். “நாந்தான் கண்ணு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பொணம் கழுவுகிற கை, கண்ட சாதிக்கும் பிரசவம் பார்க்கிற கை, அந்தக் கை கூறைச்சேலையைத் தொடக்கூடாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்களாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பெண் இல்லையாம். “உன்னைய வராதேன்னு நான் எந்த வாயில சொல்லட்டும்? பரீட்சையன்னைக்கு வெச்சுப்போட்டா நீயே வரமாட்டீன்னு நெனச்சேன். உனக்கும் மனசு நோகாது, எனக்கும் பழி வராது. பாக்கறேன்னு வேற சொன்னியா, செரி, வரலைன்னுதான் நெனச்சுக்கிட்டேன். பரீட்சைய உட்டுப்போட்டு வருவீன்னு சத்தியமா நெனைக்கலையே!”

எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறந்து இல்லை என்று சொல்வதில்லை. பார்க்கலாமுங்க என்பார்கள், கேட்டவர் புரிந்துகொண்டு போய்விட வேண்டும். நானும் அதே மண்ணில் பிறந்தவள்தான், எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் நேராகவே வராதே என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன், பரீட்சையும் எழுதியிருப்பேன். என் மனசு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்து, சீர், பரீட்சை இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் “போயிட்டு வாரேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் மேட்ரன், “கல்யாணம் நன்றாக நடந்ததா?” என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். நீ செய்தாயா என்று கேட்டார். செய்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது? என்னோடு சேர்ந்தவர்கள் தேறி மேலே போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வழக்கப்படி அவர்கள் அறைக்குள் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். ஒருத்தி, பாவம், என்னைப் பார்த்ததும் தானே வாசலோடு திரும்பிப் போய்விடுவாள். ரத்தம் எங்கெங்கே போய்த் திரும்புகிறது என்பதைச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். இந்த முறை ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. போடுகிற கட்டு தளர்ந்து நழுவியது. மேட்ரன் ஒரு நாள் என் கட்டையும் அவிழ்க்கச் சொன்னார்.

ஆடி மாதம் புது மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் அண்ணன் வந்தார். கேட்டுக்காரர் வந்து, “உங்கண்ணன் வந்திருக்காருங்கம்மா” என்றார்.

“இதோ வாரேன்னு சொல்லுங்க” என்றேன்.

எனக்கு டியூட்டி முடிந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். செய்ய வேலை ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டுக்காரர் திரும்பவும் வந்தார். அதையேதான் சொன்னேன், இன்னும் மரியாதையாகச் சொன்னேன். பார்வை நேரம் முடிகிற மணி அடித்தது. கச்சாயப் பொட்டலத்தைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குப் பசி. அத்தனையும் தின்றேன், தின்றுகொண்டே அழுதேன்.

அதற்கு அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கும் அடுத்த மாதம் வரவில்லை. பார்வை நேரத்தில் நான் கொஞ்ச நாள் ஜன்னல் பக்கம் வேலை வைத்துக்கொண்டேன். அப்புறம் அதையும் விட்டுவிட்டேன். நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவரையில் என்னைக் கேட்டு யாரும் வந்ததில்லை.