சங்குகளை நிறுத்துப் பார்த்த நாட்கள்

போர் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்த நான், அம்மாவோடு எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்த புதிது. அப்பா முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஊரில் எங்கள் காணி மட்டும்தான் மிச்சமாக இருந்தது. அதில் தகரக் கூரை போட்டுக்கொண்டு இருந்தோம். முகாமுக்குப் பக்கத்து ஊரில் கணக்கு மென்பொருள் ஒன்று படித்திருந்தேன். அந்தச் சான்றிதழை நம்பி மன்னார் டவுனில் ஒரு ஏற்றுமதிக் கொம்பனியின் கந்தோர் படியேறினேன். அடுத்த நாளே வரச் சொன்னார்கள்.

கீரியிலும் தாழ்வுபாட்டிலும் அங்காலுள்ள கரைகளிலும் நண்டு, கடலட்டை, சங்கு, கருவாடு எல்லாம் வாங்கி, பொதி செய்து, கொழும்புக்கு அனுப்புவதுதான் அந்தக் கொம்பனியின் வேலை. அங்கிருந்து அவை கப்பலிலும் விமானத்திலும் போகும். முன்னறையில் என்னுடைய மேசை, ஒரு கதிரை, கணினி, கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரி. பின்னால் நீளமான ஸ்டோர். மத்தியானத்தில் சோளகக் காற்று யன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். மணல் எங்கிருந்தோ வந்து விசைப்பலகையின் எழுத்துகளுக்கிடையில் குந்திக்கொள்ளும். வாசலில் ஒரு கழுதை வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அது பாட்டுக்குப் போகும்.

மாதம் முடிந்ததும் அரசாங்கத்துக்கு ஒரு புள்ளிவிபர அறிக்கை அனுப்பவேண்டும். வெளிநாட்டுக்குப் போன பொருள் என்ன, அந்தப் பொருளுக்குரிய கோட் இலக்கம் என்ன, பெட்டியும் ஐஸும் நீங்கலாக எத்தனை கிலோ, பெறுமதி எவ்வளவு, எந்த நாட்டில் உற்பத்தியானது, எந்த நாட்டுக்குப் போகிறது. எல்லாக் கொம்பனிகளும் இப்படிக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்துத்தான் இந்த நாடு என்னத்தை விற்று வாழ்கிறதென்று சொல்வார்களாம். நாளாந்த பில்களைக் கணினியில் பதிந்துகொண்டு வந்தால், மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அமத்த, மென்பொருள் தானே அறிக்கையைக் கட்டித் தரும் என்று கொழும்புக் கந்தோரில் இருந்த அக்கா தொலைபேசியில் சொல்லித் தந்தா. அவவை நான் நேரில் கண்டதில்லை. குரல் மட்டும்தான். பின்னால் எப்போதும் வாகன இரைச்சல் கேட்கும்.

முதல் மாதம் பொத்தானை அமத்தினேன். திரை முழுவதும் சிவப்பு வரிகள். இந்தப் பொருளுக்குக் கோட் இல்லை. இதற்கு நிறை இல்லை. இதற்கு நாடு இல்லை. என்ன பிழை செய்தேன் என்று விளங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லைத் தங்கச்சி," என்றா கொழும்பு அக்கா. "அதுக்கு நாங்கள் சொல்லிக் குடுக்காதது ஒண்டும் தெரியாது. ஒவ்வொரு சாமானா எடுத்து, அது என்ன எண்டு ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ. பிறகு அது மறக்காது."

சொல்லிக் கொடுக்க எனக்கே தெரிந்திருக்க வேண்டுமே. உயிரோடு போகும் நண்டுக்கு ஒரு கோட், அவித்துக் குளிரேற்றிய நண்டுக்கு வேறு கோட். எது எந்தப் பெட்டியில் போகிறது என்று ஸ்டோருக்குள்தான் கேட்கவேண்டும்.

ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர் நானாட்டானுக்கு அங்காலுள்ள ஒரு கிராமத்தவர். சைவக் குடும்பம், பரம்பரையாக வயல் செய்கிறவர்கள். இடம்பெயர்ந்து, முட்கம்பி முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி வந்தால் அவர்களுடைய வயலில் கண்ணிவெடிப் பலகை நட்டிருந்ததாம். வெடி எடுத்து முடிக்கும்வரை உள்ளே கால் வைக்க ஏலாது. அதுவரைக்கும் ஒரு வேலை என்றுதான் இங்கே வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லாரையும் போல நானும் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார்.

"எனக்கு நெல்லைப் பற்றிக் கேட்டா சொல்லுவன் மிஸ்," என்றார் முதல் நாளே. "இந்தக் கடல் சாமானெல்லாம் நானும் இப்பதான் பழகுறன்."

அதனால் இரண்டு பேருமாகப் பழகினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லொறி வராத நேரத்தில் நான் எழுத்துப் பலகையோடு ஸ்டோருக்குள் போவேன். வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் காட்டாது. ஈரமும் உப்பும் கலந்த வாசம் முதலில் வரும். பிறகு, கால் கட்டிய நண்டுகள் பெட்டிக்குள் நுரை விடுகிற மெல்லிய சத்தம். எங்கோ தூரத்தில் மழை தொடங்குவது போல இருக்கும். அதற்குப் பிறகுதான் அவருடைய வெள்ளைச் சேட்டு தெரியும். கருவாட்டுச் சாக்குகளின் பெயர்களை நான் வாசிப்பேன், அவர் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பெயர், கொழும்பில் ஒரு பெயர், கோட் புத்தகத்தில் இன்னொரு பெயர். எனக்குச் சின்ன வயதில் தெரிந்திருந்து முகாமில் மறந்துபோன மீன் பெயர்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

சங்குதான் கடைசிவரை சிக்கலாக இருந்தது. சங்கை எண்ணித்தான் வாங்குவது, எண்ணித்தான் விற்பது. பில்லிலும் எண்ணிக்கைதான். அறிக்கையோ கிலோ கேட்டது. சிவப்பு வரி போகவே மாட்டேன் என்றது. பருமன்படி பிரித்து, ஒவ்வொரு பருமனிலும் கொஞ்சத்தை நிறுத்துப் பார்த்து, ஒரு சங்குக்குச் சராசரியாக எவ்வளவு என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் அது பெருக்கிக்கொள்ளும் என்று கொழும்பு அக்கா வழி சொன்னா.

அந்தக் கிழமை முழுவதும் பின்னேரங்களில் சங்கு நிறுத்தோம். அவர் தராசில் வைப்பார், நான் எழுதுவேன். கரண்ட் அடிக்கடி நிற்கும். காற்றாடி ஓய்ந்ததும் ஸ்டோர் அப்படியே நீருக்கடியில் போனதுபோல் ஆகிவிடும். கூரைத் தகரத்தின் ஓட்டைகளால் வெயில் காசு காசாக விழும். அந்த வெளிச்சத்தில் சங்குகள் பாலில் தோய்த்து எடுத்தவைபோலக் கிடக்கும். ஒருநாள் ஒரு பெரிய சங்கைத் தராசில் வைக்காமல் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன கேக்குது அண்ணை?"

"எங்கட குளம் வான் பாயிற சத்தம்," என்றார்.

மாரியில் குளம் நிரம்பி, அணைக்கு மேலால் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் அதைக் கண்டதே இல்லை. சங்கை வாங்கி என் காதில் வைத்தேன். எனக்குக் கடல்தான் கேட்டது. ஆனால் அவர் அவ்வளவு ஆறுதலாக நின்றதைப் பார்த்தபோது, அவருக்குக் கேட்டது ஒருநாள் எனக்கும் கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

உற்பத்தி நாடு என்ற கட்டமும் என்னைக் குழப்பியது. கடலில் பிடித்ததற்கு எதை நாடு என்று போடுவது? மீனுக்கு எல்லை தெரியுமா? வெளிக் கடலில் பிடித்தால், எந்த நாட்டில் பதிந்த வள்ளம் பிடித்ததோ அந்த நாடுதான் என்று கொழும்பு அக்கா சொன்னா. அதை நான் அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கை எழுதிக்கொண்டிருக்க, வாய் தன் பாட்டில் வேறு கதைக்குப் போய்விட்டது.

"நாங்கள் இந்தியாவுக்குப் போகேக்குள்ள வள்ளக்காரர் எங்களை நடுவில ஒரு மணல் தீடையில இறக்கி விட்டிட்டுப் போயிட்டினம். விடிஞ்சு பார்த்தா நாலு பக்கமும் தண்ணி. இஞ்சாலயும் கரை தெரியேல்லை, அங்காலயும் தெரியேல்லை. ஆரோ வந்து ஏத்துமட்டும் அதிலதான் நிண்டனாங்கள். அந்த நேரம் என்னை இப்பிடி ஆராவது பதிஞ்சிருந்தா என்ன நாடெண்டு போட்டிருப்பினம்?"

இதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவோடுகூட அந்த விடியலைப் பற்றிக் கதைத்ததில்லை. அவர் கையிலிருந்த சங்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அம்மாதான் வள்ளம்," என்றார். "அவ எந்த நாடோ அதுதான் நீங்களும்."

அந்த மாதம் பொத்தானை அமத்தியபோது ஒரு சிவப்பு வரியும் வரவில்லை. அறிக்கை வரிவரியாகத் திரையில் இறங்கியது. போகும் நாட்டுக்கான கட்டத்தில் சங்குக்கு நேரே இந்தியா, உயிர் நண்டுக்கு நேரே சிங்கப்பூர், அட்டைக்கு நேரே ஹொங்கொங். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கதிரைக்குப் பின்னால் நின்று, குனிந்து, எல்லாவற்றையும் வாசித்தார். யன்னலால் வந்த காற்றில் அவருடைய சேட்டிலிருந்து உப்பு வாசம் வந்தது. அன்று நான் அவரை ஒருமுறையும் அண்ணை என்று கூப்பிடவில்லை. அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது.

மழைக்கு முன்னான மாதத்தில் அவருடைய வயலில் பலகையைக் கழற்றிவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவர் ஸ்டோரில் வேலை செய்யவே இல்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தபடி இருந்தார். கிழமை முடிய, முன்னறைக்கு வந்து நின்றார்.

"விதைப்புக்கு நேரமாச்சு மிஸ். அப்பு தனியச் செய்யமாட்டார்."

"ஓம், போகத்தானே வேணும்," என்றேன்.

"போயிட்டு வாறன்."

திரையைப் பார்த்தபடியே தலையாட்டினேன். அவருடைய சைக்கிள், மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்துப் பக்கம் போகும்வரை பொருளில்லாமல் நாடுகளின் பட்டியலை மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தேன்.

புதிதாக வந்த ஸ்டோர்காரர் நல்ல மனிதர். அவரால் ஒரு குறையும் இல்லை. ஆனால் மத்தியானங்கள் மிக நீளமாகிவிட்டன. நண்டுச் சத்தம் இப்போது மழைபோலக் கேட்கவில்லை. மாரி தொடங்கி, ஒருநாள் மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அம்மாவிடம் கூட்டாளி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேனா, ஒன்றும் சொல்லாமலே போனேனா, இப்போது நினைவில் இல்லை. பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. பஸ் ஓடுகிறதா, நான் கனவில் போகிறேனா என்று இருந்தது.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய அம்மா, நான் கொம்பனியில் இருந்து வருகிறேன் என்றதும் தேத்தண்ணி போட்டுத் தந்து, வயலுக்குப் போகும் வழியைக் காட்டினா. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. வரம்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் முழங்கால் வரை சேற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மிஸ், அறிக்கையில ஏதும் பிழையோ?"

"இல்லை. அறிக்கை சரி." எனக்கு மூச்சு வாங்கியது. "இனி நான் உங்களை அண்ணையெண்டு கூப்பிடமாட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் கையிலிருந்த களையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப என்னெண்டு கூப்பிடப் போறீங்கள்?"

"அதைத்தான் உங்களிட்டக் கேக்க வந்தனான்."

அவர் வரம்பில் ஏறி, வாய்க்காலில் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். "எனக்குக் கேக்கத் தைரியம் வரேல்லை," என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நீங்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். அதோட, கடற்கரை ஆக்கள் இந்தச் சேத்துக்குள்ள வந்து இருப்பினமோ எண்டும் யோசிச்சனான்."

"நான் முகாமில இருந்தனான். எங்கையும் இருப்பன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது போதாது என்று பட்டது. "ஆனா இஞ்ச இருக்க எனக்கு ஆசை."

வீடுகளில் கொஞ்சக் காலம் இழுபட்டது. அவருடைய அப்பா தங்கள் சைவக் கோயிலில் தாலி கட்டவேண்டும் என்றார். எங்கள் பங்குச் சுவாமி பொறுமையானவர், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பலமுறை கதைத்தார். கடைசியில் இரண்டு விதமாகவும் நடந்தது. அம்மாவுக்குச் சமயத்தைவிட வேறு கவலை. "கடலில்லாத இடத்தில உனக்கு நித்திரை வருமோ பிள்ளை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. கலியாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் பஸ்ஸில் போய் வந்து அதே மேசையில் இருந்து மாத அறிக்கை செய்தேன். பிறகு கொம்பனி அந்த வேலையைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டது. கொழும்பு அக்கா கடைசி நாள் தொலைபேசி எடுத்து, "உங்கட அறிக்கையில எனக்கு ஒருநாளும் தலையிடி இல்லைத் தங்கச்சி," என்றா. அவவை இன்றுவரை நான் காணவில்லை.

கலியாணம் முடிந்து வந்த முதல் மாரிக்கு அம்மா எங்களோடு தங்க வந்திருந்தா. காலையில் எழும்பி முற்றத்தில் நின்றபடி, வயல் முழுக்கத் தண்ணீர் நிற்பதையும் அதன்மேல் காற்று ஓடுவதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மருமகனிடம் திரும்பி மெல்லக் கேட்டா.

"தம்பி, இதுக்குள்ள மீன் இருக்கோ?"

"ஓம் மாமி. வாய்க்காலுக்குள்ள விரால் கிடக்கு."

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டா. "அப்ப வாங்கோ," என்றா. "ஒரு துண்டு வலை இருந்தாக் கொண்டு வாங்கோ."