பாடிய பிள்ளைகளும் தூங்கிய பிள்ளைகளும்

வாய்க்கால் கரைப் பால்வாடிக்குள் நான் காலை வைத்ததும் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று கும்பிட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலைகள், சத்துமாவு ஒட்டிய கைகள். மழையைப் பற்றி ஒரு பாட்டு, யானையைப் பற்றி ஒரு பாட்டு. யானைக்குத் தும்பிக்கை ஆட்டும்போது ஒரு பொடியன் தடுமாறிப் பக்கத்துப் பிள்ளைமேல் விழுந்தான், விழுந்தபடியே பாடினான். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்ததும் கூரை ஒழுகிய கறையும் எனக்கு வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தன. டீச்சர் வாசலில் நின்று, நான் ஏதாவது சொல்வேனா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்து, டிரைவராகி, ஒரு பழைய ஜீப் வாங்கி, பிறகு தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை வீட்டு முன்னால் வரிசையாக நிறுத்தும் அளவுக்கு வந்தவன். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்த வண்டி தெருவுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டினால் போதும், தரம் தெரியும். ஆகவே, ஊருக்கு ஒரே ஒரு புதுப் பால்வாடிக் கட்டடம் வருகிறது, வாய்க்கால் கரை, மேட்டுத்தெரு இரண்டில் எதற்குக் கொடுப்பது என்று பஞ்சாயத்துத் தலைவர் முழித்தபோது, என் வீட்டுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

"நான் சொன்னா ஒரு தெரு சண்டைக்கு வரும்ணே. நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது" என்றார்.

"படிச்சவுகன்னா கூட்டம் போட்டு யோசிப்பாக. நான் பார்த்ததும் சொல்லிருவேன், போங்க" என்றேன்.

வாய்க்கால் கரையில் பாட்டுக் கேட்டபோதே முடிவு செய்துவிட்டேன். மேட்டுத்தெருப் பால்வாடிக்குப் போனது ஒரு ஒப்புக்குத்தான். அது வாடகைத் தகரக் கொட்டகை. உச்சிவெயில்கூட ஏறவில்லை, உள்ளே பேச்சுமூச்சில்லை. அம்மாமார்களின் பழைய சேலைகளை விரித்து, பிள்ளைகள் அத்தனையும் சுருண்டு தூங்கின. டீச்சர் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, இது பால்வாடியா சத்திரமா? அங்கன பிள்ளைக யானை கணக்கா ஆடுதுக. இங்கன பட்டப்பகல்ல குறட்டை விடுதுக."

"மெதுவாப் பேசுங்கண்ணே. விடியுமுன்ன உங்க ஜீப்புத்தான தெருமுக்குல நின்னு ஹாரன் அடிக்குது? ஆத்தா எந்திரிச்சா பிள்ளையும் எந்திரிச்சிரும். மலைக்குப் போறவுக என் கையில குடுத்துட்டுத்தான் வண்டி ஏறுறாக. பத்து மணிக்குத்தான் தொறப்பேன்னு நான் சட்டம் பேசுனா, உங்க வண்டியில யாரு ஏறுவா?"

கொட்டகைக்காரர் தக்காளிப் பெட்டி அடுக்க இடத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார். கட்டடம் கிடைக்காவிட்டால் இந்தப் பிள்ளைகளை வாய்க்கால் கரையில் சேர்த்துவிடுவார்கள். அங்கே பத்து மணிக்கு முன் கதவு திறக்காது. ஏலக்காய் எடுக்கப் போகும் தாய்மார்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் தூக்கம். எந்தத் தராசில் இதை நிறுப்பது? பிள்ளைகளைத்தான் ஒப்பிடுகிறேன் என்று போனேன். பார்த்தால் தாய்மார்களை ஒப்பிட வேண்டியிருந்தது. வயல்வேலை பக்கத்திலேயே கிடைத்தவர்களின் பிள்ளைகள் தூங்கி எழுந்து வந்து பாடின. மற்றவை என் ஹாரனில் விழித்தவை. மறுநாள் தலைவரிடம் மேட்டுத்தெரு என்றேன். 'ஜீப்புக்கு ஆள் வேணும்ல, அப்படித்தான் சொல்லுவாரு' என்று வாய்க்கால் கரையில் பேசிக்கொண்டார்கள். கோபம் வந்தது. அப்படியும் இருக்குமோ என்ற சந்தேகமும் வந்தது. பிள்ளைகளுக்காகச் சொன்னேனா வண்டிக்காகச் சொன்னேனா என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் கரை டீச்சரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுத் தயாராக நின்றேன்.

"அவுகளுக்குக் கெடைச்சது நியாயந்தாண்ணே" என்றார். "ஆனா, நல்லாப் பாடுனா நமக்குப் புதுக் கட்டடம் வரும்னு பிள்ளைககிட்டச் சொல்லி வச்சிருந்தேன். நாம சரியாப் பாடலையா டீச்சர்னு கேக்குதுக. என்னண்ணே சொல்லட்டும்?"

"நல்லாத்தான் பாடுனீங்கன்னு சொல்லு தாயி."

"அதத்தான் சொன்னேன். அப்புறம் ஏன் குடுக்கலன்னு கேக்குதுக."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. விஷயம் தெரிந்தவனிடம் கேட்பதுபோலவே கேட்டார். அதற்குள் தேவாரம் போகும் பேருந்து வந்து நின்றது; அவர் ஏறிக்கொண்டார்.

பிறகு வாய்க்கால் கரைக்கும் கட்டடம் வந்தது; பாடின பிள்ளைகள் அதற்குள் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இன்றைக்கும் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பேச்சில் முடித்து, தோற்றவனைத் தனியாக அழைத்து ஏன் தோற்றான் என்று விளங்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். நல்லாப் பாடியும் ஏன் கிடைக்கவில்லை என்று நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.